நீக்கிய மென்பொருளின் பெயரில் வரும் ஃபயர்வால் எச்சரிக்கை

விண்டோஸ் கணினியில் ஃபயர்வால், அதாவது வலையமைப்பு வழியாக வரும் இணைப்புகளை வடிகட்டும் காப்பு, இயங்குகிறதா என்று அறிய நாம் திறந்து பார்ப்பது 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தைத்தான். அங்கே பச்சைக் குறியைக் கண்டால் நிம்மதி அடைகிறோம். சிவப்புக் குறியைக் கண்டால் பதறுகிறோம். ஆனால் வேறு நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் ஒன்று அந்தக் கணினியில் இருந்தாலோ, முன்பு எப்போதோ இருந்து நீக்கப்பட்டிருந்தாலோ, அந்தக் குறியை உடனே நம்புவதற்கில்லை. வெளி நிறுவன ஃபயர்வால்களைப் பொறுத்தவரை, அவை தம்மைப் பற்றித் தாமே பதிந்து வைத்த தகவலைத்தான் அந்தப் பக்கம் எடுத்துக் காட்டுகிறது. மென்பொருள் போய்விட்டுப் பதிவு மட்டும் தங்கிவிட்டால், வீட்டைக் காலி செய்து போனவரின் பெயர்ப்பலகை வாசலில் தொங்கிக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை ஏற்படுகிறது.

கணினி பழுதுபார்க்கும் வேலையில் இந்தச் சிக்கலை நான் அடிக்கடி சந்திக்கிறேன். பெரும்பாலானவர்கள் இதை எரிச்சலூட்டும் ஓர் அறிவிப்பாக மட்டும் கருதி, அறிவிப்பை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். வேறு சிலர், எப்படியாவது பச்சைக் குறி வந்தால் போதும் என்று இன்னொரு பாதுகாப்பு மென்பொருளை நிறுவிவிடுகிறார்கள். இரண்டுமே சரியான வழி அல்ல என்பதைக் காரணத்தோடு விளக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கீழே வரும் கட்டளைகளின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

அண்மையில் வந்த மடிக்கணினி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பயன்படுத்தப்படுவது அது. வாங்கும்போதே அதில் பாதுகாப்புத் தொகுப்பு ஒன்றின் இலவசச் சோதனைப் பதிப்பு இருந்திருக்கிறது. சோதனைக் காலம் முடிந்ததும் அதை நீக்கிவிட்டு, விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும் என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு, 'ஃபயர்வால் அணைக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு நீக்கிய தொகுப்பின் பெயரோடு வந்துகொண்டே இருந்தது. அதற்குரிய செயலியைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. நிறுவிய மென்பொருள்களின் பட்டியலிலோ அந்தப் பெயரே கிடையாது. வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள் உள்ள கணினி என்பதால், ஃபயர்வால் உண்மையிலேயே இயங்குகிறதா இல்லையா என்பது அவர்களுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள, பாதுகாப்பு மையம் என்ற அமைப்பு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. விண்டோஸ் எக்ஸ்பி வெளியானபோதே அதில் ஒரு ஃபயர்வால் இருந்தது. ஆனால் அது இயல்பாக அணைக்கப்பட்ட நிலையில் இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு, ஆர்பிசி சேவையின் (நிரல்கள் வலையமைப்பு வழியாக ஒன்றையொன்று அழைக்க உதவுவது) 135-ஆம் போர்ட் (எண்ணிட்ட இணைப்பு வாசல்) வழியாகக் கணினிகளுக்குள் புகுந்து பரவியது. பயனர் எதையும் திறக்கவோ அழுத்தவோ தேவையில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும். 2004 ஆகஸ்டில் வந்த, எக்ஸ்பிக்கான பெரிய புதுப்பிப்புத் தொகுப்பான சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலை இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. அதோடு சேர்ந்து வந்ததுதான் செக்யூரிட்டி சென்டர். ஃபயர்வால், ஆன்டிவைரஸ், தானியங்கிப் புதுப்பிப்பு ஆகியவை இயங்குகின்றனவா என்பதை ஒரே இடத்தில் காட்டுவது அதன் வேலை. விண்டோஸ் 7-இல் அது ஆக்ஷன் சென்டர் ஆயிற்று; விண்டோஸ் 10-இல் வேறு பெயர்களுக்கு மாறி இன்று விண்டோஸ் செக்யூரிட்டி என்று நிற்கிறது. முகப்பு எத்தனை முறை மாறினாலும், பின்னால் வேலை செய்யும் சேவைக்கு இன்றும் 'டபிள்யூஎஸ்சிஎஸ்விசி' என்றே பெயர்.

இந்தச் சேவை பிற நிறுவன மென்பொருள்களைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளை டபிள்யூஎம்ஐ என்ற தகவல் களஞ்சியத்தில் பார்க்கலாம். விண்டோஸ் விஸ்டா சர்வீஸ் பேக் 1 முதல், அதற்கான பகுதி 'ரூட்/செக்யூரிட்டிசென்டர்2'. அதற்குள் ஆன்டிவைரஸ்களுக்கு ஒரு வகுப்பும் ஃபயர்வால்களுக்கு ஒரு வகுப்பும் தனித்தனியே உண்டு. ஒவ்வொரு பதிவிலும் மென்பொருளின் பெயர், அதற்குரிய தனி அடையாளக் குறியீடு, அதன் இயங்குகோப்பு இருக்கும் பாதை, அதன் நிலையைக் குறிக்கும் ஓர் எண் ஆகியவை இருக்கும். மென்பொருள் முறையாக நீங்கும்போது தன் பதிவையும் அழித்துவிட்டுப் போக வேண்டும். நீக்கும் பணி பாதியில் நின்றாலோ, நீக்கியின் ஒரு பகுதி தோல்வியுற்றாலோ, அந்தப் பதிவை அழிக்க வேறு யாரும் வருவதில்லை.

ஃபயர்வால் பொறுப்பை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இதிலிருந்து தனியானது. பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 7 முதல், வெளி நிறுவன ஃபயர்வால் ஒன்று வடிகட்டும் பொறுப்பை ஏற்க விரும்பினால், எந்தெந்தப் பிரிவுகளைத் தான் எடுத்துக்கொள்கிறது என்பதை விண்டோஸ் ஃபயர்வாலிடம் பதிய வேண்டும். கணினி தொடங்கும் நேரத்து விதிகள், வழக்கமான ஃபயர்வால் விதிகள், இருப்பை மறைக்கும் விதிகள், இணைப்புப் பாதுகாப்பு விதிகள் என்று நான்கு பிரிவுகள் உள்ளன. எடுத்துக்கொள்ளப்பட்ட பிரிவுகளிலிருந்து விண்டோஸ் ஃபயர்வால் விலகிக்கொள்ளும். இந்தப் பதிவு நிலையானது அல்ல. பதிந்த நிரல் ஓடிக்கொண்டு அதைத் தன் பிடியில் வைத்திருக்கும் வரைதான் செல்லும். நிரல் நின்றுபோனால் பதிவும் நீங்கி, பொறுப்பு விண்டோஸ் ஃபயர்வாலிடம் திரும்பிவிடும்.

ஆக, பாதுகாப்பு மையத்தில் இருக்கும் பெயர் மென்பொருள் போன பின்னும் நிலைத்திருக்கக்கூடியது. வடிகட்டும் பொறுப்போ உயிருள்ள நிரலோடு பிணைந்தது. நிலைகாட்டி தவறாகிப் போவதற்கான வாய்ப்பு இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பிறக்கிறது. நடைமுறையில் அது மூன்று விதமாக வெளிப்படுகிறது. முதலாவது, பழைய பெயர் மட்டும் எஞ்சியிருக்க, விண்டோஸ் ஃபயர்வால் முழுமையாக இயங்குவது. இதில் அறிவிப்பு தவறு, பாதுகாப்புக்குக் குறைவில்லை. இரண்டாவது, நீக்கியதாக நாம் நினைத்த மென்பொருளின் சேவை ஒன்று இன்னும் ஓடிக்கொண்டு, பொறுப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு, உரிமம் காலாவதியானதால் எதையும் வடிகட்டாமல் இருப்பது. மூன்றாவது, எஞ்சிய பதிவு 'இயங்குகிறேன்' என்ற நிலையில் உறைந்திருக்க, விண்டோஸ் ஃபயர்வாலோ அந்தப் பழைய தொகுப்பு மாற்றி வைத்த அமைப்புகளால் அணைந்தே கிடப்பது. அப்போது பக்கம் பச்சையாக இருக்கும்; கணினிக்கு ஃபயர்வால் இருக்காது. சிவப்புக் குறியைப் பார்த்து நம்மிடம் வருகிறவர்களை விட, பச்சைக் குறியைப் பார்த்து வராமலே இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, மூன்றில் எது என்று தெரிந்துகொள்வது. அதற்கு முன் எதையும் அழிக்கக் கூடாது. கணினியை இயக்கிய உடனேயே பார்த்து முடிவுக்கு வருவதும் கூடாது. பாதுகாப்பு மையச் சேவை தாமதமாகத் தொடங்கும்படி அமைக்கப்பட்டது என்பதால், முதல் சில நிமிடங்களில் அது காட்டும் நிலை பழையதாக இருக்கலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டியின் அமைப்புகளுக்குள் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்று ஒரு பக்கம் உள்ளது. எந்தெந்த மென்பொருள்கள் தம்மைப் பதிந்திருக்கின்றன என்பதை அது வகைவாரியாகக் காட்டும். அதே தகவலை விரிவாகப் பார்க்க, விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து, 'கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்' கட்டளைக்கு மேற்சொன்ன செக்யூரிட்டிசென்டர்2 பகுதியையும் 'ஃபயர்வால்புராடக்ட்' வகுப்பையும் கொடுக்க வேண்டும். பழைய கட்டுரைகள் இதற்கு டபிள்யூஎம்ஐசி என்ற கருவியைச் சொல்லும். அது கைவிடப்பட்டுவிட்டது, புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் இயல்பாகக் கிடைப்பதும் இல்லை. இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: விண்டோஸின் சொந்த ஃபயர்வால் இந்த வகுப்பில் பதிவாவதில்லை. ஆகவே, வேறு ஃபயர்வால் எதுவும் இல்லாத கணினியில் இந்தக் கட்டளை வெறுமையாகத் திரும்புவதே சரியான விடை. ஏதாவது ஒரு பெயர் வந்தால், அது வெளியார் பெயர். அந்தப் பெயரோடு வரும் கோப்புப் பாதையை எடுத்து, அந்த இடத்தில் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். விண்டோஸ் சர்வர் பதிப்புகளில் பாதுகாப்பு மையமே கிடையாது என்பதால், அங்கே இந்தக் கட்டளை பிழை காட்டுவதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

நிலையைக் குறிக்கும் எண் ஒரு நீண்ட பதின்ம எண்ணாகத் தெரியும். அதைப் பதினறும எண்ணாக (16-ஐ அடியாகக் கொண்ட எண்ணாக) மாற்றிப் படிக்க வேண்டும். ஆன்டிவைரஸ் வகுப்பில் டிஃபெண்டருக்குப் பெரும்பாலும் காணப்படும் எண் 397568. பதினறுமத்தில் அது 61100. அதே டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருக்கும்போது காணப்படுவது 393472, அதாவது 60100. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 4096; இயங்குகிறதா இல்லையா என்பதைக் குறிக்கும் இடம் அதுவே. இது பலரும் நடைமுறையில் கண்டறிந்து பயன்படுத்தும் விளக்கம் என்பதால், இதை ஒரு தடயமாக மட்டும் கொள்வேன். இதை வைத்தே தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

தீர்ப்பை ஃபயர்வாலிடமே கேட்க வேண்டும். முதலில் அதன் சேவைகளைப் பார்ப்போம். 'எம்பிஎஸ்எஸ்விசி' என்பது விண்டோஸ் ஃபயர்வாலின் சேவை. 'பிஎஃப்இ' என்பது அதற்கு அடித்தளமான வடிகட்டும் இயந்திரம். விஸ்டாவில் அறிமுகமான வடிகட்டும் தளத்தின் மையம் அது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இரண்டும் தானாகத் தொடங்கும் வகையில் இருக்க வேண்டும். அடுத்து, 'நெட்ஷ்' கருவியின் 'அட்வ்ஃபயர்வால்' பிரிவில் 'ஷோ ஆல்புரொஃபைல்ஸ்' என்று கேட்டால், டொமைன் (அலுவலக வலையமைப்பு), பிரைவேட் (நம்பகமான வலையமைப்பு), பப்ளிக் (பொது வலையமைப்பு) ஆகிய மூன்று நிலைகளிலும் ஃபயர்வால் இயங்குகிறதா என்று தெரியும். பவர்ஷெல்லில் இதற்கு இணையான 'கெட்-நெட்ஃபயர்வால்புரொஃபைல்' கட்டளையைப் பயன்படுத்துபவர்கள், கொள்கைக் களஞ்சியமாக 'ஆக்டிவ்ஸ்டோர்' என்பதைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் கணினியில் எழுதி வைத்த அமைப்பைத்தான் அது காட்டும். நிர்வாகி மையமாக விதிக்கும் அமைப்புகளான குரூப் பாலிசி அதை மாற்றியிருந்தால் உண்மை நிலை தெரியாமல் போகும்.

இத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். மூன்று நிலைகளிலும் 'ஆன்' என்று வந்தாலும், பொறுப்பு வேறொருவர் கையில் இருக்கலாம் அல்லவா? அதை அறிய, அதே அட்வ்ஃபயர்வால் பிரிவில் 'ஷோ குளோபல்' என்று கேட்க வேண்டும். வெளிவரும் நீண்ட பட்டியலின் கடைசியில், நான் முன்பு சொன்ன நான்கு பிரிவுகளும் அவற்றுக்கு நேரே பொறுப்பாளரின் பெயரும் இருக்கும். நான்கிலும் விண்டோஸ் ஃபயர்வால் என்றே இருந்தால் நல்லது. வேறு பெயர் இருந்தால், அந்தப் பெயருக்குரிய நிரல் இந்த நொடியில் கணினியில் எங்கோ உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஃபயர்வால் சிக்கல்களைப் பற்றிய குறிப்புகளில் இந்த நான்கு வரிகள் ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. என் அனுபவத்தில், ஐயத்தை ஒரே பார்வையில் தீர்ப்பவை அவையே.

இதற்குப் பிறகும் ஒரு சோதனையை நான் விடுவதில்லை. கணினிக்குள் இருந்துகொண்டு கேட்கும் எந்தக் கேள்வியும் கணினியின் சொல்லை நம்பியே இருக்கிறது. எனவே, அதே வலையமைப்பில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். சோதிக்கப்படும் கணினியின் இணைப்பை 'பப்ளிக்' என்று மாற்றிவிட்டு, மற்றக் கணினியின் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்ஷன்' கட்டளைக்கு அதன் முகவரியையும் 135 என்ற போர்ட் எண்ணையும் கொடுக்கலாம். 135-ஐத் தேர்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் ஆர்பிசி சேவை எப்போதும் அந்தப் போர்ட்டில் காத்திருக்கும்; ஃபயர்வால் இயல்பாக அதை வெளியாருக்குத் திறப்பதில்லை. ஆகவே இணைப்பு கிடைத்தால் ஃபயர்வால் வேலை செய்யவில்லை, அல்லது யாரோ விதி எழுதித் திறந்துவைத்திருக்கிறார்கள். வெகுநேரம் காத்திருந்து பதிலின்றித் தோற்றால் ஃபயர்வால் வேலை செய்கிறது. அந்தக் கணினியிலிருந்தே அதைச் சோதிப்பதில் பயன் இல்லை. தனக்குள்ளேயே சுற்றிவரும் இணைப்பு வெளியிலிருந்து வருவதைப் போல நடத்தப்படுவதில்லை. கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை வைத்தும் சோதிக்கலாம்; ஆனால் அலுவலகங்களில் அது வேண்டுமென்றே திறக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் விடை தெளிவாக இருக்காது. 2017-இல் வானாகிரை பரவியது அந்த 445 வழியாகத்தான் என்பதால், அது தேவையின்றித் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது தனியே ஒரு நல்ல வேலை.

தணிக்கை அலுவலகத்தின் மடிக்கணினியில் கிடைத்த விடைகள் தெளிவாகவே இருந்தன. ஃபயர்வால் வகுப்பில் பழைய தொகுப்பின் பெயர் இருந்தது. அது காட்டிய பாதையில் கோப்பு இல்லை. சேவைகள் இரண்டும் ஓடின, மூன்று நிலைகளும் இயங்கின, நான்கு பிரிவுகளும் விண்டோஸ் ஃபயர்வாலிடமே இருந்தன. வெளியிலிருந்து 135-ஐத் தட்டியபோது பதில் வரவில்லை. மூன்று விதங்களில் முதலாவது விதம். ஆபத்து இல்லை என்பதை அவர்களிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு, நிதானமாகச் சுத்தம் செய்ய முடிந்தது.

ஆபத்து இல்லையென்றால் சுத்தம் செய்வானேன் என்று கேட்கலாம். பொய்யான எச்சரிக்கை தினமும் வந்துகொண்டிருந்தால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் அதே அலட்சியத்தோடு அது ஒதுக்கப்படும். தவிர, அலுவலக வலையமைப்புக்குள் விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக இணையும் வழி) வழியாக நுழையும் கணினிகளின் பாதுகாப்பு நிலையைச் சரிபார்க்கும் ஏற்பாடுகள் பலவும் இந்தப் பாதுகாப்பு மையத்தின் பதிவையே படிக்கின்றன. பதிவு பொய்யானால், ஒழுங்கான கணினி வெளியே நிறுத்தப்படும். ஒழுங்கற்ற கணினி உள்ளே விடப்படும்.

எச்சங்கள் ஏன் தங்குகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு மென்பொருள்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்படி எழுதப்படுகின்றன. தீய நிரல் ஒன்று அவற்றை எளிதாகப் பிடுங்கி எறியக் கூடாது என்பது நோக்கம். அதே காப்பு, நாம் நீக்கும்போதும் குறுக்கே நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் (இயங்குதளத்தோடு ஒட்டி இயங்கும் நிரல்) கோப்புகளை உடனே அழிக்க முடியாது என்பதால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது அழிக்கும்படி குறித்து வைக்கிறார்கள். இங்கேதான் விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' குழப்பத்தை உண்டாக்குகிறது. அது இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால், இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் அப்படியே உறைநிலையில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையிலிருந்து எழுகின்றன. எனவே நீக்கிய பின் 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். இரவு கணினியை அணைத்துக் காலையில் போட்டோமே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: போதாது.

நீக்குவதற்கு முதல் வழி, அந்தந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் தனி நீக்கக் கருவி. மெக்காஃபி, நார்ட்டன், காஸ்பர்ஸ்கை, ஈசெட், அவாஸ்ட், பிட்டிஃபெண்டர் முதலியவை ஒவ்வொன்றும் அப்படி ஒரு கருவியைத் தம் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. அதை அவர்களது தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடுபொறியில் முதலில் வரும் 'எல்லா ஆன்டிவைரஸ்களையும் நீக்கும் கருவி' என்ற விளம்பரங்களை நம்பக் கூடாது. பாதுகாப்பு மென்பொருளை வேரோடு பிடுங்கும் உரிமையை ஒரு நிரலுக்குக் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. இத்தகைய கருவிகளில் சிலவற்றை, அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் இயக்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். காப்பு நிரல்கள் அங்கே ஓடாது என்பதே காரணம்.

அந்த மடிக்கணினியில் நீக்கக் கருவி ஒத்துழைக்கவில்லை. மென்பொருள் நிறுவப்படவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. எஞ்சியிருந்தது பதிவு மட்டும் என்பதால், கருவிக்குப் பிடித்து இழுக்க எதுவும் கிடைக்கவில்லை. இத்தகைய நேரத்தில், கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், நன்றாகப் பலன் தரும் வழி ஒன்று உண்டு. அதே மென்பொருளை மீண்டும் முழுமையாக நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, அது பாதுகாப்பு மையத்தில் தன்னைப் புதிதாகப் பதிந்துகொள்ளும்வரை காத்திருந்து, பிறகு நீக்கக் கருவியால் முறையாக நீக்குவது. மீண்டும் நிறுவும்போது மென்பொருள் பழைய பதிவையே தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது. நீங்கும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகிறது. இயன்றவரை முன்பு இருந்த அதே பதிப்பை நிறுவுவது நல்லது. இங்கே அது பலித்தது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு ஃபயர்வால் வகுப்பு வெறுமையாகத் திரும்பியது, அறிவிப்பும் நின்றது.

அந்த நிறுவனமே இப்போது இல்லை, மென்பொருள் எங்கும் கிடைக்கவில்லை என்றால்தான், பதிவை நேரடியாக அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பவர்ஷெல்லில் அந்த ஒரு பதிவை மட்டும் அதன் அடையாளக் குறியீட்டைக் கொண்டு தேர்ந்தெடுத்து, 'ரிமூவ்-சிம்இன்ஸ்டன்ஸ்' கட்டளைக்கு அனுப்பலாம். சில கணினிகளில் அது நீங்கும். சிலவற்றில் அனுமதி மறுக்கப்படும். இன்னும் சிலவற்றில் நீங்கியது போலத் தோன்றி, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு திரும்பி வந்துவிடும். திரும்பி வருகிறது என்றால், அதை மீண்டும் எழுதும் மூலம், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது அல்லது ஏதோ ஒரு சேவை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ள வேண்டும். டபிள்யூஎம்ஐ களஞ்சியம் முழுவதையும் அழித்துப் புதிதாக உருவாக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் காணக் கிடைக்கின்றன. அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு மையத்தைத் தவிர வேறு பல மென்பொருள்களும் அந்தக் களஞ்சியத்தில் தம் விவரங்களை வைத்திருக்கின்றன. ஒரு பழைய பெயரை அழிப்பதற்காக அவற்றையெல்லாம் குலைப்பது பொருத்தமற்றது. களஞ்சியம் பழுதுபட்டிருக்கிறதா என்று 'வின்எம்ஜிஎம்டி' கருவியின் சரிபார்க்கும் கட்டளையால் முதலில் பார்க்கலாம். பழுது உண்மையாக இருந்தால், மீட்கும் கட்டளையை முயல்வது முறை.

சேவை இன்னும் உயிரோடு இருக்கும் இரண்டாம் விதம் இதைவிடக் கடினமானது. ஒரு கடையின் பில் போடும் கணினியில் இதைக் கண்டேன். பழைய தொகுப்பின் முகப்பு நீக்கப்பட்டிருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் 'ஷோ குளோபல்' கேட்டபோது ஃபயர்வால் விதிகளின் பிரிவுக்கு நேரே அதன் பெயர் நின்றது. மூன்று நிலைகளும் 'ஆன்' என்று காட்டியபோதிலும், வெளியிலிருந்து 135 திறந்தது. அப்படிப்பட்ட கணினியை முதலில் வலையமைப்பிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். நீக்கக் கருவியை இன்னொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, சேஃப் மோடில் இயக்கினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

டிரைவர்கள் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. ஃபயர்வால் மென்பொருள்கள் பல, வலையமைப்பு அட்டையின் மேல் ஒரு வடிகட்டி டிரைவரை அமர்த்துகின்றன. அட்டையின் பண்புகளைத் திறந்தால் அதன் பெயர் ஒரு பெட்டிக் குறியோடு தெரியும். 'கெட்-நெட்அடாப்டர்பைண்டிங்' கட்டளையாலும் பார்க்கலாம். அந்த டிரைவரின் கோப்பை சிஸ்டம்32 கோப்புறைக்குள் போய் நேரடியாக அழிப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பு போனாலும் அதைத் தேடும் பதிவு இருந்துகொண்டே இருப்பதால், வலையமைப்பு இணைப்பே அற்றுப்போகலாம். வட்டு டிரைவர்களோடு பிணைந்த வடிகட்டியாக இருந்தால் கணினி தொடங்காமலே போகலாம். அட்டையின் பண்புகளில் அதைத் தேர்ந்து 'அன்இன்ஸ்டால்' கொடுப்பதே முறை. எஞ்சியவற்றைக் கண்டறிய, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் மிக நல்ல கருவி; கோப்பு இல்லாமல் பதிவு மட்டும் எஞ்சியவற்றை அது மஞ்சள் நிறத்தில் காட்டும். தொடுவதற்கு முன், முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக்கொள்வது கட்டாயம்.

எச்சங்கள் நீங்கிய பிறகும் விண்டோஸ் ஃபயர்வால் தானாக எழுந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாம் விதத்தில் அது அணைந்தே கிடக்கும். எம்பிஎஸ்எஸ்விசி சேவை முடக்கப்பட்டிருந்தால், அதைத் தானியங்கி நிலைக்குக் கொண்டுவந்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தச் சேவையை நிறுத்தி ஃபயர்வாலை அணைப்பதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. ஸ்டார்ட் மெனு இயங்காமல் போவது, புதிய செயலிகள் நிறுவ முடியாமல் போவது போன்ற தொடர்பில்லாததாகத் தோன்றும் கோளாறுகள் அதனால் வரக்கூடும். வீட்டுக் கணினி ஒன்றில், 'இந்த அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வாசகம் தெரிந்தால், பழைய தொகுப்பு கொள்கைப் பகுதியில் எழுதி வைத்த மதிப்புகள் எஞ்சியிருக்கின்றனவா என்று ரெஜிஸ்ட்ரியின் 'பாலிசீஸ்' கிளையில் விண்டோஸ்ஃபயர்வால் பகுதியைப் பார்க்க வேண்டும். அலுவலகக் கணினியில் அதே வாசகம் நியாயமானதாக இருக்கலாம் என்பதால், நிர்வாகியைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது. விதிகளே குலைந்திருந்தால் அட்வ்ஃபயர்வாலின் 'ரீசெட்' கட்டளை எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும்; ஆனால் பிரின்டருக்கும் கணக்கு மென்பொருளுக்கும் எழுதி வைத்த விதிகளையும் சேர்த்து அழித்துவிடும். முன்னதாக அதன் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால், எவை தேவை என்று பிறகு பார்த்து மீட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும், மேலே சொன்ன கேள்விகள் அனைத்தையும் தொடக்கத்திலிருந்து மறுபடி கேட்க வேண்டும்: ஃபயர்வால் வகுப்பு வெறுமையா, சேவைகள் ஓடுகின்றனவா, நான்கு பிரிவுகளும் விண்டோஸ் ஃபயர்வாலிடம் உள்ளனவா, 135 வெளியாருக்கு மூடியிருக்கிறதா. ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு சில நிமிடம் பொறுத்து மீண்டும் கேட்பது அவசியம்; திரும்பி வரும் பதிவுகள் அப்போதுதான் தெரியும். இவ்வளவுக்கும் அசையாத பதிவு ஒன்று இருந்தால், விண்டோஸ் நிறுவல் கோப்பை இறக்கி, கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் தேர்வோடு, அதே பதிப்பை அதன் மேலேயே மறுபடி நிறுவலாம். அதற்குமுன் தரவுகளைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.